எண்ணெயை மாற்றிய தீவு சர்க்கரையை ஏன் மாற்றாமல் விட்டது?

எங்கள் மொரிசியஸ் தீவில் கோர் தெ கார்த் மலைச்சரிவில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது, தைப்பூசத்துக்குத் தவறாமல் போய்விடுவேன். காவடி இறங்கி, பூசை முடிந்து, பசி கண்ணைக் கட்டுகிற நேரத்தில் வாழையிலை போட்டு 'செத் கறி' பரிமாறுவார்கள். ஏழு கறி என்று அர்த்தம். கூடவே சோறு, ரஸோன் (ரசம்தான், இங்கே பேசுகிற கிரியோல் மொழி நாக்கில் புரண்டு இப்படி ஆகிவிட்டது), அப்பளம், கடைசியில் பாயசம். போன முறை என் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் முதல் கவளத்துக்கு முன்னால் சட்டைப் பையிலிருந்தோ கைப்பையிலிருந்தோ மாத்திரை அட்டையை எடுத்துப் பிதுக்கினார்கள், ஏதோ அதுவும் பரிமாறப்படுகிற எட்டாவது கறி மாதிரி. பக்கத்தில் இருந்த தொந்தோன் ஒருவர் (எங்கள் ஊரில் சொந்தமோ இல்லையோ, வயதில் மூத்த ஆண் எல்லாரும் தொந்தோன்தான்) பாயசத்தை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன செய்றது தம்பி, நம்ம ரத்தம் அப்படி."

இந்த வாக்கியத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு டியாபெட் (நீரிழிவுதான்) வந்தபோது சித்தப்பா சொன்னார். சித்தப்பாவுக்கு வந்தபோது அப்பா சொன்னார். எனக்கு நாற்பத்து மூன்று வயதில் வந்தபோது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், சொன்னதும் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அங்கேதான் எனக்குச் சந்தேகமும் வந்தது. நம் ரத்தம்தான் காரணம் என்றால் கடைக்காரனுக்குப் பொறுப்பில்லை, அரசாங்கத்துக்குப் பொறுப்பில்லை, தட்டில் சோறு குவித்துப் போடுகிற அம்மாவுக்கும் அதைச் சாப்பிடுகிற எனக்கும் பொறுப்பில்லை. எல்லாருக்கும் வசதியான பதில். அவ்வளவு வசதியான பதில் சரியாகவும் இருக்குமா?

முதலில் நோய் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மொரிசியஸில் ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம் பேர் இருக்கிறோம். பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. அதற்கு முந்தைய படியில், அதாவது சர்க்கரை ஏறியிருக்கிறது ஆனால் இன்னும் நோய் என்று பெயர் வைக்கவில்லை என்கிற நிலையில், இன்னொரு பெரிய கூட்டம். ஆண்டுதோறும் மரணக் காரணப் பட்டியலில் இதயநோயும் நீரிழிவும்தான் முன்வரிசையில் நிற்கின்றன. இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், இந்த விஷயத்தில் இந்தக் குட்டித் தீவு உலகத்துக்கே ஒரு பரிசோதனைக்கூடம் மாதிரி இருந்திருக்கிறது. 1987ல் தொடங்கி 1992, 1998, 2004, 2009, 2015, 2021 என்று சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வீடு வீடாக ஆட்களைத் தேர்ந்தெடுத்து, வெறும் வயிற்றில் வரச்சொல்லி, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பால் சிம்மெட் போன்ற பெரிய ஆராய்ச்சியாளர்கள் எங்கள் சுகாதார அமைச்சகத்தோடு சேர்ந்து செய்த வேலை அது.

அந்த 1987 கணக்கெடுப்பில் 25 முதல் 74 வயது வரை உள்ள 5,080 பேரைப் பார்த்தார்கள். வந்த முடிவைச் சமூகவாரியாகப் பிரித்தார்கள். வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிய பிறகு, இந்து இந்தியர்களில் நூற்றுக்கு 12.4 பேருக்கு நீரிழிவு. முஸ்லிம் இந்தியர்களில் 13.3. சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால் ஆப்பிரிக்க, மடகாஸ்கர் வம்சாவளியினர் அதிகம் உள்ள கிரியோல் மக்களில் 10.4. சீனர்களில் 11.9.

இந்தக் கடைசி எண்ணை நான் மூன்று முறை திரும்பத் திரும்பப் படித்தேன். ஏனென்றால் ஏறக்குறைய அதே சமயம், 1986ல், சீனாவில் தாச்சிங் என்ற ஊரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு ஒருவர் என்கிற அளவில்தான் நீரிழிவு இருந்தது. அங்கே ஒன்று, இங்கே பன்னிரண்டு. கப்பலேறி வந்து இங்கே கடை வைத்து உட்கார்ந்ததும் சீன ரத்தம் எப்படி மாறியது? மாறவில்லை. தீவு மாறியிருக்கிறது. ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த ரத்தங்கள் ஒரே தீவில் ஒரே கடையில் சாமான் வாங்கி, ஒரே மாதிரி சாப்பிட்டு, ஒரே மாதிரி உட்கார்ந்து, கடைசியில் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நின்றிருக்கின்றன. தொந்தோனுக்கு நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான், ஆனால் பாயசம் சாப்பிடுகிறவரிடம் புள்ளிவிவரம் பேசுவது மரியாதை இல்லை.

ரத்தத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கிற விதத்தில் இல்லை. நீரிழிவில் நடப்பது என்ன? சாப்பிட்ட மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்தில் வருகிறது, கணையம் இன்சுலினை அனுப்பி அந்தச் சர்க்கரையைத் தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் தள்ளுகிறது. வயிற்றுக்குள், உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேரச் சேரத் தசையும் கல்லீரலும் இன்சுலின் பேச்சைக் கேட்க மறுக்கின்றன. கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது, பல வருஷம் இப்படி இழுத்துப் பிடித்து ஓடுகிறது, பிறகு களைத்துவிடுகிறது. இந்தக் களைப்பு நம்மவர்களுக்குச் சீக்கிரம் வருகிறது, அதுவும் பார்வைக்கு ஒல்லியாக இருக்கும்போதே. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு அச்சாக ஒன்றுதான், 22.3. ஆனால் உடம்புக் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம். எடை பார்க்கும் எந்திரம் நமக்குப் பொய் சொல்கிறது என்பதை இதைவிட எளிமையாக யாரும் காட்டியதில்லை. அதனால்தான் நமக்கெல்லாம் எடையைவிட இடுப்புச் சுற்றளவைப் பாருங்கள் என்கிறார்கள்: ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதைத் தாண்டினால் மணி அடிக்கிறது என்று அர்த்தம்.

இப்படி ஏன் ஆனோம் என்பதற்கு இரண்டு விளக்கம் உண்டு. 1962ல் ஜேம்ஸ் நீல் சொன்னது, பஞ்சத்தில் தப்பிப் பிழைத்தவர்களின் மரபணு கிடைத்ததையெல்லாம் சேமிக்கிற சிக்கன மரபணு, நல்ல காலம் வந்ததும் அதுவே வினையாகிறது என்பது. கேட்க நன்றாக இருக்கிறது, காரைக்கால் பக்கமிருந்தும் தஞ்சாவூர்ப் பக்கமிருந்தும் பஞ்சத்துக்குத் தப்பி வந்த கொள்ளுத்தாத்தா கதைகளோடு அழகாகப் பொருந்துகிறது, ஆனால் அப்படி ஒரே ஒரு மரபணுவை இன்றுவரை யாரும் கையில் பிடிக்கவில்லை. 1992ல் ஹேல்ஸும் பார்க்கரும் சொன்னது வேறு: தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்குச் சத்து போதவில்லை என்றால், வெளியே பஞ்சம்தான் இருக்கிறது என்று நினைத்து உடம்பு தன்னை அதற்கேற்றபடி வளர்த்துக்கொள்கிறது, மூளையைக் காப்பாற்றிவிட்டுத் தசையிலும் கணையத்திலும் மிச்சம் பிடிக்கிறது, வெளியே வந்து பார்த்தால் வீதிக்கு வீதி தால் பூரி வண்டி நிற்கிறது. எனக்கு இந்த இரண்டாவதுதான் மனசுக்கு ஒப்புகிறது, ஏனென்றால் இதில் பிறப்பு எடை இருக்கிறது, தாயின் சாப்பாடு இருக்கிறது, அதெல்லாம் மாற்றக்கூடியவை. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறிய தாய்க்குப் பிறக்கிற குழந்தைக்கும் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு தலைமுறையில் பட்டினி, அடுத்த தலைமுறையில் அளவுமீறல், இரண்டும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடுகின்றன.

இப்போது தீவுக்கு வருகிறேன். டச்சுக்காரர்கள் 1639ல் கரும்பைக் கொண்டுவந்து நட்டார்கள், பிரெஞ்சுக்காரர்கள் ஆலை வைத்தார்கள், ஆங்கிலேயர்கள் 1835ல் அடிமை முறையை ஒழித்த கையோடு அந்த வயல்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கினார்கள். 1834 முதல் அடுத்த நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறத்தாழ நாலரை லட்சம் பேர், கல்கத்தா, மதராஸ், பம்பாய் மூன்று துறைமுகங்களிலிருந்தும். ரேஷனாக அரிசி, பருப்பு, உப்பு, கொஞ்சம் நெய் அல்லது எண்ணெய், சில நேரம் கருவாடு. தட்டில் பெரும்பங்கு மாவுச்சத்து என்கிற கணக்கு அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது. நிலமெல்லாம் கரும்பு, சாப்பாடெல்லாம் கப்பலில். 1942ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அரிசி நின்றுபோய், மக்காச்சோளமும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் தின்று கழித்த நாட்களைப் பற்றிப் பாட்டி புலம்பிக்கொண்டே இருப்பார். அந்தக் காலத்தை நினைத்துத்தானோ என்னவோ, வெள்ளைச் சோறு எங்கள் வீடுகளில் வெறும் சாப்பாடு இல்லை, கஷ்டம் தீர்ந்ததற்கான அடையாளம். அதைக் குறைத்துச் சாப்பிடு என்று ஒரு மருத்துவர் சொன்னால் அது காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

பாட்டி சோற்றைக் குறைத்துச் சாப்பிட்டவரே இல்லை. நான் இன்றைக்குச் சாப்பிடுவதைப் போல இரண்டு மடங்கு. டீயில் மூன்று கரண்டி சர்க்கரை. எழுபது வயதுக்கு மேல்தான் அவருக்கு டியாபெட் வந்தது, அதுவும் லேசாக. ஆனால் விடியுமுன்னே எழுந்து, வயலுக்கு நடந்து, நாளெல்லாம் குனிந்து களை பறித்து, கரும்பு வெட்டும் காலத்தில் கட்டுக் கட்டாகத் தலையில் தூக்கி, திரும்பவும் நடந்து வந்தவர் அவர். வேலை செய்கிற தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது, உடற்பயிற்சி பற்றிய எல்லா அறிவுரைக்கும் அடிப்படை இந்த ஒரு விஷயம்தான். பாட்டியின் தட்டும் பாட்டியின் கைகால்களும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக இருந்தன.

அப்புறம் அம்மா காலம். 1970ல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது, எண்பதுகளில் துணி ஆலைகள் காளான் மாதிரி முளைத்தன, வேலையில்லாமல் திண்டாடிய நாடு சில வருஷங்களிலேயே வேலைக்கு ஆள் போதவில்லை என்கிற நிலைக்குப் போனது. வயலில் குனிந்திருந்த பெண்கள் தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். அம்மாவும் அப்படித்தான், காலை ஏழு மணிக்கு ஆலை வேன் வாசலுக்கே வரும், மாலையில் வாசலிலேயே இறக்கிவிடும். கையில் முதல்முறையாகச் சொந்தக் காசு, வீட்டில் ஃபிரிட்ஜ், ஃபிரிட்ஜில் இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில். நான் அந்தக் காலத்தைக் குறை சொல்ல மாட்டேன், அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன், மோக்காவில் போய்த் தமிழ் கற்றுக்கொண்டதும் அந்தக் காசில்தான். ஆனால் 1987ல் எடுத்த அந்தக் கணக்கெடுப்பில் ஓய்வு நேரத்தில் ஓரளவாவது உடற்பயிற்சி செய்கிற பெண்கள் நூற்றுக்கு 1.3 பேர். ஐந்து வருஷம் பிரசாரம் செய்த பிறகு 2.7 பேர். ஆலையிலிருந்து வந்து சமைத்து, துவைத்து, பிள்ளைகளைப் படிக்கவைக்கிற பெண்ணிடம் 'ஓய்வு நேரத்தில் நடங்கள்' என்று சொன்னால் அவள் எந்த ஓய்வு நேரத்தைக் கண்டாள்? என் தலைமுறை இன்னும் மோசம், ஆலையில் அம்மா எழுந்து நூல்கண்டாவது எடுப்பார், எபேன் கணினி நகரத்தில் நான் ஒன்பது மணி நேரம் நாற்காலியை விட்டு அசைவதில்லை. 2005லிருந்து மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் பேருந்து இலவசம். நல்ல திட்டம், வேண்டாம் என்று சொல்பவன் மடையன், ஆனாலும் ஒரு நிறுத்தத் தூரத்துக்குக்கூடப் பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது பாட்டி நடந்த தூரம் ஞாபகத்துக்கு வருகிறது.

இனி விலை. எனக்கு இதுதான் முக்கியம் என்று தோன்றுகிறது, இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. எங்கள் சாப்பாட்டில் முக்கால் பங்கு இறக்குமதி. அதில் ரேஷன் அரிசிக்கும் மாவுக்கும் அரசு மானியம் கொடுக்கிறது, ரொட்டி விலையும் கட்டுக்குள். ஏழை வீட்டில் பசி இருக்கக்கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு, அதன் நியாயத்தை நான் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அதன் விளைவாகக் கடையில் மலிவாகக் கிடைப்பதெல்லாம் வெள்ளை: வெள்ளை அரிசி, வெள்ளை மாவு, வெள்ளை ரொட்டி. காய்கறிக்கு மானியம் கிடையாது, ஒரு புயல் வந்தால் போதும், 2024 ஜனவரியில் பெலால் வந்து போனபோது பார்த்தோமே, கேரட்டையும் முட்டைக்கோஸையும் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு வரவேண்டியதுதான். பேருந்து நிலையத்தில் அவசரத்துக்கு என்ன கிடைக்கிறது? தால் பூரி ஒரு ஜோடி, மாவில் பருப்பை வைத்து எண்ணெய் தடவிச் சுட்டது. காதோ பிமா, நம் பருப்பு வடைதான், அதையும் வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். சீனக் கடையில் வறுத்த நூடுல்ஸ். எல்லாம் அருமையான சாப்பாடு, எல்லாமே எனக்கு உயிர், எல்லாமே மாவு. வீட்டில் சமைக்கிற முருங்கைக்கீரைக்கு இங்கே பிரெட் முரும் என்று பெயர், நம் முருங்கைதான் பெயரோடு கப்பலேறி வந்தது, பீர்க்கங்காய் பிபங்காய் ஆனது. பெயர்கள் தங்கிவிட்டன. தட்டில் அவற்றின் இடம்தான் சுருங்கிக்கொண்டே வருகிறது.

இந்த இடத்தில் தலைப்பில் சொன்ன எண்ணெய்க் கதையைச் சொல்ல வேண்டும். 1987 வரை இங்கே சாதாரண வீடுகளில் சமைத்த ரேஷன் எண்ணெய் பெரும்பாலும் பாமாயில். கணக்கெடுப்பில் கொழுப்பு அளவைப் பார்த்துப் பயந்துபோன அரசாங்கம், மக்களுக்கு அறிவுரை சொல்வதோடு நிற்காமல், ரேஷன் எண்ணெயைச் சோயா எண்ணெயாக மாற்றியது. அதே கடை, அதே பாத்திரம். 1992ல் மறுபடி பார்த்தபோது நாட்டின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆக இறங்கியிருந்தது. ஒரு முழு நாட்டின் சராசரி, ஐந்தே வருஷத்தில்! மருந்து மாத்திரையால் இல்லை. இறங்கியதில் கணிசமான பங்கு எண்ணெய் மாற்றத்தால் வந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள், உலகம் முழுக்கப் பொதுச் சுகாதாரம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் மொரிசியஸ் எண்ணெயை உதாரணம் காட்டுகிறார்கள். அதே ஐந்து வருஷத்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 58 சதவீதத்திலிருந்து 47க்கு வந்தார்கள், அளவுமீறிக் குடிக்கும் ஆண்கள் 38லிருந்து 14க்கு.

ஆனால் உடல் பருமன் ஏறியது. நீரிழிவு இறங்கவில்லை. பிறகு அதுவும் ஏறிக்கொண்டே போய், 1987ல் ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கு இருந்தது 2009ல் ஐந்தில் ஒருவரைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்பது உண்மை, அதற்காக மூச்சுவிட்டுக்கொள்ளலாம், கொண்டாட முடியாது.

ஏன் ஒன்றில் ஜெயித்து இன்னொன்றில் கோட்டைவிட்டோம் என்பதற்கு என் கணக்கு இது. எண்ணெய் விஷயத்தில் யாரையும் எதுவும் செய்யச் சொல்லவில்லை, தானாக மாறியது. சர்க்கரை விஷயத்தில் எல்லாப் பாரத்தையும் தனிமனிதர் தலையில் வைத்தோம்: குறைத்துச் சாப்பிடு, நட, மாத்திரை போடு. வெள்ளை மாவுக்குப் பதிலாக ரேஷனில் முழுக்கோதுமை மாவைக் கலந்து பார்ப்போமா, மானியத்தில் கொஞ்சத்தைக் காய்கறிப் பக்கம் தள்ளிப் பார்ப்போமா என்கிற கேள்விகள் அந்த எண்ணெய் மாதிரி துணிச்சலாக எழவில்லை. குளிர்பானத்தில் இருக்கும் சர்க்கரை மேல் 2013ல் வரி வந்தது, பள்ளிக் கேண்டீனில் குளிர்பானம் கிடையாது, சுகாதார வண்டி ஊர் ஊராக வந்து இலவசமாக ரத்தம் பார்க்கிறது. இவை நல்லவை. ஆனால் பள்ளி மணி அடித்ததும் வாசலுக்கு வெளியே நிற்கிற வண்டியைப் போய்ப் பாருங்கள். எண்ணெயை மாற்றுவது சுலபம் என்பதும் நியாயம்தான், ஒரு எண்ணெய் போனால் இன்னொரு எண்ணெய், ருசி தெரியாது. சோற்றுக்குப் பதில் என்ன வைத்தாலும் ருசி தெரியும், வாயும் தெரியும், வயிறும் தெரியும். போதாததற்கு இது சர்க்கரை நாடு, சர்க்கரையை எதிரி என்று சொல்ல இங்கே யாருக்கும் நாக்கு வராது.

தனிமனிதர் ஒன்றும் செய்யமுடியாது என்றும் இல்லை. சென்னையில் ராமச்சந்திரன் குழுவினர் 2006ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அதில் இருந்தவர்கள் நம்மவர்கள். நோய்க்கு முந்தைய படியில் இருந்த 531 பேர். ஒன்றும் செய்யாமல் விட்ட குழுவில் மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் முற்றியது. தினமும் நடந்து, சோற்றையும் இனிப்பையும் எண்ணெயையும் குறைத்த குழுவில் 39 பேருக்கு. இதில் விசேஷம், அவர்கள் எடை குறையவே இல்லை. எடை எந்திரத்தைப் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: முள் அசையாவிட்டாலும் உள்ளே வேலை நடக்கிறது.

விளைவுகளைப் பற்றி எழுதவே கை வரவில்லை, வீட்டில் பார்த்தவை. அதிக நாள் சர்க்கரை ஓடிய ரத்தக்குழாய் உள்ளே தடிக்கிறது, முதலில் மெல்லிய குழாய்கள் போகின்றன, அதனால்தான் கண், சிறுநீரகம், நரம்பு என்று அடி விழுகிறது, பெரிய குழாய்கள் கெட்டால் மாரடைப்பு, பக்கவாதம். அப்பாவுக்குக் காலில் உணர்ச்சி போனது எங்களுக்குத் தெரியாது, அவருக்கே தெரியாது. செருப்புக்குள் ஒரு சின்னக் கல். அதோடு ஒரு நாள் முழுக்க நடந்திருக்கிறார். வலிக்காத புண்ணை யார் கவனிப்பார்கள்? அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம், அந்த வகையில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள், ஆனால் காலை மட்டும் பார்க்க ஒரு தேதி வாங்குவதற்குள் புண் ஆழமாகிவிட்டது, பெருவிரலை எடுத்தார்கள். அடுத்த வருஷம் இன்னொன்று. அவர் அதற்கப்புறம் காவடி எடுக்கவில்லை. கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

இன்னொரு விளைவு கணக்கெடுப்பில் வராதது: மறைப்பது. மகளுக்கு வரன் பார்க்கிற வீட்டில் டியாபெட் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். இன்சுலின் ஊசி என்றால் கதை முடிந்தது என்று ஒரு நம்பிக்கை. ஊசி போட ஆரம்பித்த பிறகுதான் கால் போச்சு, கண் போச்சு என்பார்கள், உண்மையில் கடைசி நேரம் வரை ஊசியைத் தள்ளிப்போட்டதால்தான் போனது. அதனால் மாத்திரையோடு பாகற்காய்ச் சாறு, யாரோ சொன்ன கஷாயம். பாகற்காய் கெடுதல் இல்லை, அதை நம்பி மாத்திரையை நிறுத்துவதுதான் கெடுதல். மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி சோதனைக்கு முந்தின வாரம் மட்டும் சோறு குறைக்கிறவர்களையும் எனக்குத் தெரியும், பரீட்சைக்கு முந்தின நாள் படிக்கிற மாதிரி. அந்தச் சோதனை ஏமாறாது. நானும் முயன்று பார்த்தவன்தான்.

எண்ணெய் மாறியது ஞாபகம் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டேன். எந்த எண்ணெய் என்றார். வருஷம் சொன்னேன், பாமாயில், சோயா என்று விளக்கினேன். "எண்ணெய் எண்ணெயாத்தானே இருந்தது" என்று சொல்லிவிட்டுக் கடைச் சீட்டைக் கையில் கொடுத்தார்.

எங்கள் தெருமுனைக் கடைக்காரர் சீனர், ஹக்கா குடும்பம், அவர் தாத்தா வைத்த கடை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் என் வீட்டில் இருக்கும் அதே மாத்திரை அட்டை கிடந்தது. உங்களுக்குமா என்று கிரியோலில் கேட்டேன். பன்னிரண்டு வருஷமாக என்றார். அப்பாவுக்கும் இருந்தது, அக்காவுக்கும் இருக்கிறது, என்ன செய்ய, எங்கள் சீன ரத்தம் அப்படி என்றார். நான் சிரித்ததும் அவருக்குக் காரணம் புரியவில்லை. அம்மாவின் சீட்டைப் படித்துப் பார்த்து, இரண்டு லிவ் (ராத்தல்) ரேஷன் அரிசியும் ஒரு லிவ் சர்க்கரையும் நிறுத்துக் கட்டினார்.